ஊரில் வீடு, வெளிநாட்டில் வாசம்: வங்கிக் கணக்கும் கட்டணங்களும்

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயில் பாதையில், சேர்வராயன் மலைக்கு அருகே இருக்கிறது பொம்மிடி. இங்கோ பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தின் மற்ற ஊர்களிலோ வீட்டை வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்ப்பவர்களுக்கு, அது ஆண்டில் சில வாரங்கள் மட்டும் திறக்கும் விடுமுறை வீடு. மற்ற நாட்களில் பூட்டு தொங்கும். ஆனால் பூட்டிய வீட்டுக்கும் மின் கணக்கெடுப்பு உண்டு, வீட்டு வரி உண்டு, குடிநீர்க் கட்டணம் உண்டு. மழைக்குப் பிறகு மாடி ஒழுகினால் கொத்தனார் கூலி உண்டு. இந்தச் செலவுகளைச் சமாளிக்கப் பெரும்பாலோர் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு ஒன்றுதான்: ஊரை விட்டுப் போவதற்கு முன்பு வைத்திருந்த சேமிப்புக் கணக்கு அப்படியே இருக்கும், அதன் ஏடிஎம் கார்டும், அந்தக் கணக்கோடு இணைந்த சிம்மும் தம்பியிடமோ மச்சானிடமோ இருக்கும். பணம் தீர்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும், வெளிநாட்டிலிருந்து பணம் போகும்.

இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு வேறொன்றை அமைக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேறு, வீட்டுக்காகப் பணம் செலுத்தும் பொறுப்பு வேறு. முதலாவதை ஊரில் இருப்பவர்தான் செய்ய முடியும். இரண்டாவதை உரிமையாளர் தன் பெயரிலுள்ள, சட்டப்படி சரியான, இந்த வீட்டுக்கென்றே ஒதுக்கிய கணக்கிலிருந்து தானே செய்ய வேண்டும். இரண்டும் ஒரே கையில் சேரும்போது பணம் தொலைவதைவிடப் பெரிய ஆபத்து, தடம் தொலைவது. எதற்கு, எப்போது, யார் கணக்கிலிருந்து கட்டினோம் என்ற தடம் வரித்துறையிலும், வங்கியிலும், என்றாவது ஒரு நாள் பங்காளிச் சண்டையிலும் கேட்கப்படும்.

பழைய சேமிப்புக் கணக்கு ஏன் போதாது

அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு செல்பவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் கிளம்பும்போதே வெளிநாட்டில் வசிப்பவராகிவிடுகிறார்; 182 நாள் கணக்கு முடியட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படியானவர் உள்நாட்டில் வசிப்பவருக்கான சாதாரண சேமிப்புக் கணக்கைத் தொடரக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டத்தை மீறினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு; தொகையை அளவிட முடியாதபோது 2 லட்சம் ரூபாய் வரை விதிக்கலாம்.

'பத்து வருஷமாக அந்தக் கணக்குதான் ஓடுகிறது, ஒருவரும் கேட்டதில்லை' என்று பலர் சொல்வார்கள். வங்கி தானாக வந்து கேட்காது என்பது ஓரளவு உண்மை. ஆனால் வாடிக்கையாளர் விவரங்களை வங்கிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படிப் புதுப்பிக்கும் நாளில் முகவரியும் பாஸ்போர்ட்டும் விசாவும் மேசைக்கு வரும். வீட்டை விற்று அந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல நினைக்கும் நாளிலும் அதே கேள்வி வரும். தவறான கணக்கில் கிடந்த பணத்தின் வரலாற்றை அப்போது விளக்குவதைவிட, இப்போது ஒரு படிவம் நிரப்புவது எளிது.

இன்னொரு விதியும் பூட்டிய வீட்டுக்காரரை நேரடியாகத் தொடுகிறது. வாடிக்கையாளர் தானாகச் செய்யும் பரிவர்த்தனை எதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு இல்லாவிட்டால் சேமிப்புக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். வங்கி வரவு வைக்கும் வட்டியோ பிடிக்கும் கட்டணமோ இதில் சேராது. பத்து ஆண்டுகள் கடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். பிறகும் திரும்பக் கேட்கலாம் என்றாலும் அலைச்சல் தப்பாது. 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று ஊர்க் கணக்கில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு மறப்பவர்களுக்குத்தான் இது நேரும். வீட்டுக் கட்டணங்களை அந்தக் கணக்கிலிருந்தே கட்டிவந்தால் கணக்கு தானாகவே உயிரோடு இருக்கும்.

இரண்டு கணக்கு, இரண்டு வேலை

வெளிநாட்டில் வசிப்பவர் வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்குகளில் முக்கியமானவை இரண்டு. என்ஆர்இ கணக்கு வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைக் கொண்டுவருவதற்கானது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, அசலையும் வட்டியையும் தடையின்றி வெளியே எடுத்துச் செல்லலாம். என்ஆர்ஓ கணக்கு இந்தியாவிலேயே பிறக்கும் வருமானத்துக்கும் இங்கே ஆகும் செலவுக்கும் ஆனது: வாடகை, மாந்தோப்புக் குத்தகை, தந்தை விட்டுச்சென்ற வைப்புத் தொகை எல்லாம் இதில் வரும். இதன் வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் தீர்வையும் முன்கூட்டியே பிடிக்கப்படும். இதிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் என்ற உச்சவரம்பும், வரி கட்டியதற்கான படிவங்களும் உண்டு. என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்குப் பணத்தை இறக்குவது ஒரு நிமிட வேலை. திரும்ப ஏற்றுவது, வயலுக்கு மடை திறந்துவிட்ட தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்புவதைப் போல. ஆகவே வீட்டுக்குத் தேவையான அளவு மட்டும் என்ஆர்ஓவில் இருக்கட்டும். சேமிப்பு என்ஆர்இயில் இருக்கட்டும்.

'அப்படியானால் என்ஆர்இயே போதாதா? அதிலிருந்தும் கரண்ட் பில் கட்டலாமே' என்பது நியாயமான கேள்வி. கட்டலாம், தடையில்லை. ஆனால் வீட்டுச் செலவையும் மொத்தச் சேமிப்பையும் ஒரே கணக்கில் கலந்தால், பத்து ஆண்டு கழித்து இந்த வீட்டுக்கு என்ன செலவானது என்று பிரித்தெடுக்க முடியாது. ஒரு கடவுச்சொல் கசிந்தால் போவதும் மொத்தச் சேமிப்பாக இருக்கும்.

என்ஆர்ஓவில் வரி பிடிக்கிறார்களே என்ற மனக்குறையையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். வீட்டுக்கென 50,000 ரூபாய் ஆண்டு முழுவதும் அந்தக் கணக்கில் இருக்கிறது, வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,500 ரூபாய். அதில் தீர்வையோடு சேர்த்து 31.2 சதவீதம் பிடித்தால் 468 ரூபாய். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதையும் திரும்பப் பெறலாம். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுடன் இந்தியா செய்துள்ள இரட்டை வரி விலக்கு ஒப்பந்தங்களின்படி, அந்த நாட்டின் வசிப்பிடச் சான்றைக் கொடுத்து விகிதத்தைக் குறைக்கவும் வழியுண்டு. முழுவதும் இழந்தாலும் ஆண்டுக்கு 468 ரூபாயில் சட்டப்படியான தனிக்கணக்கு ஒன்று கிடைக்கிறது என்றால் அது மலிவுதான்.

இந்தக் கணக்கு பொம்மிடிக் கிளையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர் மேலாளர் தெரிந்தவராக இருப்பது ஒரு வசதி. ஆனால் மேலாளர்கள் மாறுவார்கள். இணைய வழிச் சேவை நன்றாக உள்ள வங்கியின் எந்தக் கிளையும் போதும். பணம் அனுப்பும்போது மாதாமாதம் சில்லறையாக அனுப்பாமல், ஓராண்டுத் தேவையைக் கூட்டி ஒரே தடவையில் அனுப்புவது நல்லது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் கட்டணமும் நாணய மாற்று இழப்பும் உண்டு.

கட்டணங்களின் குணம்

சிங்கப்பூரில் ஜைரோ மூலமும் பிரிட்டனில் நேரடிப் பற்று மூலமும் கட்டணம் தானாகக் கழிந்து பழகியவர்கள், ஊர் வீட்டுக்கும் அதே ஏற்பாட்டைச் செய்துவிட்டால் மறந்துவிடலாம் என்று எண்ணுவார்கள். பாதிதான் சரி. தானியங்கிப் பற்று, கட்டணத்தைக் கட்டும். கட்டணம் சரியா என்று பார்க்காது. பூட்டிய வீட்டின் சிக்கல் பெரும்பாலும் கட்டணம் உருவாகும் இடத்தில்தான் இருக்கிறது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறினாலும் ஊர்வாயில் அது ஈபிதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் வீடுகளுக்கான நிலைக்கட்டணமும் நீங்கியது. எனவே வாசல் விளக்கும் கேமராவும் மட்டும் ஓடும் பூட்டிய வீட்டுக்குப் பில் பூஜ்யமாகவே வரும். தொடர்ந்து பூஜ்யத்தைப் பார்த்தவர் பில்லைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். அதன் பிறகு கோடை விடுமுறைக்குக் குடும்பம் வருகிறது. இரண்டு ஏசி, போர்வெல் மோட்டார், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஓடுகின்றன. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் மாறுவதால் தொகை ஒரேயடியாக உயர்கிறது. குடும்பம் விமானம் ஏறிய பிறகுதான் ரீடிங் எடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு கட்டுவதற்கு 20 நாள். ஆண்டின் மிகப் பெரிய பில், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் வருகிறது. துண்டிப்புக்கு ஆளாகும் பூட்டிய வீடுகளில் பணமில்லாமல் மாட்டுபவை குறைவு. இந்தக் காலப் பொருத்தமின்மையால் மாட்டுபவையே மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, மீட்டர் பூட்டுக்கு உள்ளே இருக்கக் கூடாது. கணக்கெடுக்க வருபவர் கேட்டைத் திறக்காமலே ரீடிங் எடுக்க முடிய வேண்டும். இல்லாவிட்டால் உத்தேசக் கணக்கில் பில் போடப்பட்டு, பின்னர் அதைச் சரிசெய்ய அலைய வேண்டியிருக்கும். இரண்டாவது, இணைப்பு எண்ணோடு பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். மூன்றாவது, ஊருக்கு வந்துபோன பிறகு அடுத்த ரீடிங்குக்காகக் காத்திருக்காமல் ஒரு தொகையை முன்பணமாகச் செலுத்திவிடலாம். அடுத்த பில்லில் அது கழியும்.

வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் தொகையில் சிறியவை, முக்கியத்துவத்தில் பெரியவை. கிராம ஊராட்சிகளுக்கான இந்த வரிகளை ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்தில் வெளிநாட்டிலிருந்தே கட்டலாம். கட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: வரிவிதிப்பு யார் பெயரில் இருக்கிறது? மின் இணைப்பு தாத்தா பெயரிலும், வீட்டு வரி அப்பா பெயரிலும், பட்டா கூட்டுப் பெயரிலும் இருப்பது கிராமங்களில் வழக்கம். அப்படியிருக்க, பணத்தை யார் கட்டினாலும் ரசீது இறந்தவர் பெயரில்தான் வரும். நிலம் இருந்தால் அதற்கான தீர்வையும் உண்டு. பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால், ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் தேவைப்படலாம் என்பதால், இதை ஒரு விடுமுறையின் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

ரசீதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நீதிமன்றங்கள் இதைப் பலமுறை தெளிவாக்கியிருக்கின்றன. ஆனால் அனுபவத்தில் யார் இருந்தார் என்ற கேள்வி எழும்போது ரசீதுகள் சாட்சியமாகப் பார்க்கப்படும். அனுமதியோடு குடியிருப்பவர், அந்த அனுமதியைக் காட்டியே வீட்டுக்கு உரிமை கொண்டாட முடியாது. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் தன் பணத்தில், தன் பெயரில் வரி கட்டி, கரண்ட் பில் கட்டி, எல்லா ரசீதுகளையும் தன் பெட்டியில் வைத்திருந்தால், உரிமையாளரின் வேலை கடினமாகும். எல்லாக் கட்டணமும் உரிமையாளரின் கணக்கிலிருந்தே போயிருந்தால், வங்கி அறிக்கையே அந்த வாதத்தை முளையில் கிள்ளிவிடும்.

ஓடிபி யார் கையில்

கார்டையும் சிம்மையும் ஊரில் விட்டுவரக் காரணம், ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்ற நிலைமை. அந்த நிலைமை மாறிவிட்டது. 2023 ஜனவரியில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை வெளிநாட்டுக் கைபேசி எண்ணோடு யுபிஐயில் இணைக்க அனுமதித்தது. முதல் பட்டியலில் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமன், கத்தார், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய பத்து நாடுகள். பிறகு மலேசியாவும் சேர்ந்தது. கணக்கு வைத்திருக்கும் வங்கி இதைத் தருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டியலில் இல்லாத நாட்டில் இருப்பவர்கள் இணைய வங்கி வழியாகக் கட்டலாம். இந்திய சிம்மை வைத்திருக்க விரும்புபவர்கள் அதைத் தங்களுடனே எடுத்துச் சென்று, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று சோதித்து, ரீசார்ஜ் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயன்பாடின்றிக் கிடந்து துண்டிக்கப்படும் எண் பின்னர் வேறொருவருக்குப் போகக்கூடும்.

தானியங்கிப் பற்றை வைத்துக்கொள்ள விரும்பினால், 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வரம்பை உயர்த்தியது. பணம் கழிவதற்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வரும். இணைய இணைப்பு, காப்பீடு போன்று தொகை மாறாதவற்றுக்கு இது பொருத்தம். மின்சாரத்துக்கு, பில்லைப் பார்த்துக் கையால் கட்டுவதே நல்லது. வழக்கத்துக்கு மாறான தொகைதான் வீட்டில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு முதல் தகவல்.

உறவும் கணக்கும்

இந்த ஏற்பாட்டுக்கு எழும் மிகக் கனமான மறுப்பு சட்டத்திலிருந்தோ தொழில்நுட்பத்திலிருந்தோ வருவதில்லை. 'கூடப்பிறந்த தம்பியிடம் கார்டைத் திருப்பிக் கேட்டால் அவன் மனம் என்னாகும்?' என்பதுதான் அது. இதைத் தள்ளிவிட முடியாது. பூட்டிய வீட்டை உண்மையில் காப்பது அந்த உறவுதான். ஆனால் கார்டை ஒப்படைப்பது மரியாதையா, பாரமா என்று யோசிக்க வேண்டும். மற்றவர் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டிய நிலையில் நிற்கிறார். கேட்கப்படாவிட்டாலும் மற்ற அண்ணன் தம்பிகளின் பார்வைக்கு ஆளாகிறார். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பிறரிடம் பகிர்ந்தால், பணம் களவு போகும் நாளில் வங்கியிடம் இழப்பீடு கேட்கும் நிலையும் பலவீனமாகும். அப்போது சந்தேகம் முதலில் விழுவது கார்டு வைத்திருந்தவர் மேல்தான்.

மாற்று வழி எளிது. கொத்தனார் கூலி, தொட்டி கழுவுதல், தோட்டம் வெட்டுதல் போன்ற கைச்செலவுகளுக்காக ஒரு தொகையை அவருடைய சொந்தக் கணக்குக்கே முன்பணமாக அனுப்பிவிட வேண்டும். செலவு விவரத்தை ரசீதின் படத்தோடு அவர் அனுப்பியதும், செலவான அளவை மீண்டும் நிரப்பலாம். பார்த்துக்கொள்வதற்கான ஊதியம் கொடுப்பதாக இருந்தால் அதைத் தனியாக, வெளிப்படையாகக் கொடுப்பது நல்லது. முன்பணத்தோடு கலந்தால் இரண்டும் கெடும். கட்டணங்களும் வரிகளும் உரிமையாளரின் கணக்கிலிருந்தே போகும்.

வங்கியிலோ அலுவலகத்திலோ ஒருவர் நேரில் கையெழுத்திட வேண்டிய வேலை இருந்தால் அதற்கு பவர் பத்திரம் இருக்கிறது. அதில் அந்த வேலைக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டும் எழுத வேண்டும்: வரி கட்ட, மின் இணைப்பு மனுவில் கையெழுத்திட, பட்டா மனு கொடுக்க. விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்து எழுதும் பொதுப் பவர் இந்தத் தேவைக்கு வேண்டாதது. வெளிநாட்டில் எழுதும் பவரை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றோ, அந்த நாட்டு நோட்டரியும் அப்போஸ்டில் முத்திரையும் பெற்றோ அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு முடிந்துவிடும். எனவே வங்கிக் கணக்கில் நாமினியையும் தவறாமல் பதிய வேண்டும். ஊரிலுள்ள உறவினரை என்ஆர்ஓ கணக்கில் இரண்டாம் பெயராகச் சேர்க்கலாம். முதல் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்வரை இயக்கும் உரிமை அவரிடமே இருக்கும்.

வாடகையும் நிலமும்

வீட்டை வாடகைக்கு விட்டால் கணக்கு சற்று மாறும். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை தருபவர், தொகை எவ்வளவு சிறியதானாலும் வரி பிடித்துச் செலுத்தக் கடமைப்பட்டவர். உள்ளூர்க் குடித்தனக்காரர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. சொல்ல வேண்டியது உரிமையாளர்தான். விடாமல் தன் பயன்பாட்டுக்கே வைத்திருந்தால், இரண்டு வீடுகள் வரை கற்பனை வாடகைக்கு வரி இல்லை. அமெரிக்காவில் வரி செலுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால், என்ஆர்ஓ கணக்கையும் சேர்த்து அந்நாட்டு அரசுக்கு அறிக்கை தர வேண்டும். வாசலுக்கு எதிரே மலை தெரிகிறதே என்று பக்கத்துத் தோட்டத்தையும் வாங்கிப் போட ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அனுமதியில்லை, பரம்பரையாக வந்தால் வைத்திருக்கலாம்.

எந்த வேலை முதலில்

இத்தனையும் சிறு வீட்டுக்குத் தேவையா என்று தோன்றலாம். தொடக்க வேலை கொஞ்சம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு விடுமுறைக்குள் முடியும் வேலை. பயணத்துக்கு முன்பே இணையத்தில் என்ஆர்ஓ மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஊருக்கு வந்ததும் முதலில் பெயர் மாற்ற மனுக்கள், ஏனென்றால் அவற்றுக்குத்தான் காலம் அதிகம் ஆகும். அடுத்து மீட்டரை வெளியே மாற்றுவதும் கைபேசி எண்ணைப் பதிவதும். பிறகு வங்கியில் நாமினியும் யுபிஐ இணைப்பும். கடைசியில், வீட்டைப் பார்த்துக்கொள்பவரோடு உட்கார்ந்து முன்பணம் எவ்வளவு, எந்தச் செலவுக்கு முன்கூட்டிக் கேட்க வேண்டும், எதற்குக் கேட்க வேண்டாம் என்று பேசி எழுதிக்கொள்வது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆறு மின் பில், ஒரு சில வரி ரசீது, இடையிடையே முன்பணம் நிரப்புதல் ஆகியவைதான் மிஞ்சும். எங்கிருந்தாலும் சில நிமிடங்களில் முடிகிற வேலை. ரசீதுகளை ஒரே கோப்பில் ஆண்டுவாரியாகச் சேமித்து, வீட்டின் வாரிசாகப் போகும் பிள்ளைக்கும் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிவைக்க வேண்டும். பொம்மிடியைப் பார்த்தே வளராத அந்தப் பிள்ளைக்கு வீட்டின் கதை அந்தக் கோப்பிலிருந்துதான் தெரியவரும்.